வைரஸ் இல்லையெண்டு சீட்டு, வாயில் வெள்ளைப்படை

திருகோணமலைக் கரையோரத்தில் ஒரு கதை ஓயாமல் காதில் விழுகிறது: "வாயில வாற வெள்ளைப்படை வைரஸாலதான். டெஸ்ட்ல வைரஸ் இல்லையெண்டா பயமில்லை, வெத்திலை போடலாம்." கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஐயா ஒருவர் சாரத்து மடியிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து, வைரஸ் இல்லை என்ற அறிக்கையை நீட்டினார். "ஆவெண்டுங்கோ ஐயா" என்றேன். தன் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட அவரால் முடிய வேண்டும்; இரண்டே இறுக்கித்தான் போயின. அந்த இறுக்கம் பாக்கின் வேலை. இடது கன்னத்தின் உட்புறம், பாக்கை அதக்குகிற அதே இடத்தில், பஞ்சால் துடைத்தும் போகாத வெள்ளைப்படை. அதன் நடுவே சிவப்புத் திட்டு. எனக்குப் பயம் அந்தச் சிவப்பில்தான்.

அந்தச் சோதனை தேடிய எச்.பி.வி. வைரஸின் 16ஆம் வகை புற்றுநோயை உண்டாக்கும் என்பது மெய். ஆனால் அது பெரும்பாலும் குடிகொள்வது தொண்டையில்: டான்சிலிலும் நாக்கின் பின்னடிப் பகுதியிலும். கன்னத்துப் புற்றில் அதன் பங்கு மிகச் சிறிது. பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைக் கண்டுபிடித்தால்கூட, அது சும்மா வந்து போனதா, கலத்தைக் கெடுக்கிறதா என்று தெரியாது. ஈ6, ஈ7 மரபணுக்கள் வேலை செய்கின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும். தொண்டைப் புற்றுக்குக் கைகொடுக்கிற பி16 சாயச் சோதனையை வாய்ப்படைக்கு அப்படியே நம்பவும் முடியாது. வைரஸ் இல்லையென்றால் வைரஸ் இல்லை, அவ்வளவுதான். கலங்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று அறிய, சிறு துண்டு வெட்டி பயொப்சி பார்க்க வேண்டும்.

"நான் புகையிலை சேர்க்கிறதில்லை" என்பவர்களுக்கு: பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. "நோவில்லையே" என்பவர்களுக்கு: நோகிறபோது பெரும்பாலும் பிந்திவிடும். எச்.பி.வி. தடுப்பூசியை இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். மகளுக்குக் கட்டாயம் போடுங்கள். அது தகப்பனின் கன்னத்துப் படையை ஆற்றாது.

திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ இரண்டுமோ பாவிப்பவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெளிச்சமும் பழகிய கண்ணும் போதுமாயிருந்தன. குச்சவெளி முதல் மூதூர் வரை ஒவ்வொரு வாடியிலும் மாதம் ஒருநாள், மீன் ஏலம் முடிந்த கையோடு, டோர்ச் அடித்து வாய் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று சந்திக்கிற அதிகாரிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஐயாவோடு வலை இழுக்கிற அத்தனை பேரும் பாக்கு அதக்குகிறவர்கள். ஒருவர் வாயையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.