கூடி வாசிப்போம்

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் 1995ஆம் ஆண்டு மறைந்த நாள் அது. 1945இல் அவர் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தோற்றுவித்தார். ‘வாசித்து வளர்க’ என்பதே அதன் முழக்கம்.

நூலகத்தில் தனியே வாசிக்கலாம். வாசகர் வட்டமாகக் கூடியும் வாசிக்கலாம். வட்டத்தினர் அனைவரும் ஒரே நூலை வாசித்து வந்து, அதைப் பற்றி உரையாடுவர். ஒருவருக்கு விளங்காத சொல்லை மற்றவர் விளக்குவார். ஒருவர் கவனியாததை மற்றவர் சுட்டிக்காட்டுவார். எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் அதில் சேரலாம். பிழை நேருமென அஞ்ச வேண்டா.

வீட்டில் பேசும் தமிழ், வாசிப்பு இல்லையெனில் பேச்சோடு நின்றுவிடும். எழுத்தாளர் ஆ. மாதவன் திருவனந்தபுரத்தில் மலையாளவழியில் பயின்றவர். தமிழைத் தம் ஆர்வத்தால் வாசித்துக் கற்றார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே, அத்தெருவின் மாந்தரைத் தமிழ்க் கதைகளாக்கினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

சொற்பொருள்
கிரந்தசாலை – நூலகம்
மாந்தர் – மக்கள்

விடையளிக்க
1. வாசிப்பு நாள் யார் நினைவாகக் கொண்டாடப்படுகிறது?
2. கூடி வாசிப்பதன் பயன்கள் இரண்டினைக் கூறுக.
3. ஆ. மாதவன் தமிழ் கற்ற விதம் யாது?

செயல்பாடு
நால்வர் கூடி ஒரே தமிழ்க் கதையை வாசிக்க. அதில் பிடித்த மாந்தர் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் மூன்று தொடர்கள் பேசுக.