வெள்ளக் காலத்தில் விட்டுப்போகக் கூடாத மருந்து

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஆஸ்துமா, வலிப்பு ஆகிய நோய்களுக்குச் சிகிச்சை இடைவிடாமல் நடக்க வேண்டும். வெள்ளம் அந்தத் தொடர்ச்சியைத்தான் முதலில் அறுக்கிறது. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே மலாக்காவின் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வெள்ளத்துக்கு ஆயத்தமாகும்போது மருந்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

2006 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் மலாக்கா மாநிலம் வெள்ளத்தைச் சந்தித்தது. இத்தகைய நேரத்தில் அடையாள அட்டை, பிள்ளைகள், துணிமணி என்று கை ஓடும். மருந்து அடுக்களை அலமாரியிலேயே தங்கிவிடும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு வாரத்துக்கான மருந்தை, பெயரும் அளவும் எழுதிய உறையோடு, நீர் புகாத பையில் கட்டி வாசலருகே உயரத்தில் மாட்டிவைப்பது நல்லது. கிளினிக் அட்டையையும் மருந்துச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.

அரசாங்க கிளினிக்குகளில் சீட்டு பல மாதங்களுக்கு எழுதப்பட்டாலும் மருந்து பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கிடைக்கும். கடைசி மாத்திரை வரை காத்திருப்பவர், சாலை அடைபட்டால் வெறுங்கையோடு நிற்பார். குறித்த நாளிலேயே மருந்தை எடுத்துவிட வேண்டும். வேறு ஊரில் தங்க நேர்ந்தால், அங்குள்ள அரசாங்க மருந்தகத்திலேயே தொடர் மருந்தைப் பெறும் ஏற்பாடும் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, அஞ்சல் வழி மருந்தும் காரிலிருந்தபடியே மருந்து வாங்கும் முறையும் பலருக்குக் கைகொடுத்தன.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது, 30 பாகைக்கு மிகாத நிழலான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். மின்சாரம் நின்றால் ஈரத்துணி சுற்றிய மண்பானை உதவும். பனிக்கட்டி மீது நேரடியாக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பொதுவாக வாரம் மூன்று முறை போகிறார்கள். வெள்ள எச்சரிக்கை வந்த உடனே மையத்தை அழைத்து, சாலை மூடுமுன் முறையை முன்னதாக்கக் கேட்க வேண்டும். தாமதமானால் தண்ணீரையும் உப்பையும் குறைத்து, பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழத்தையும் இளநீரையும் தவிர்க்க வேண்டும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு படபடத்தாலோ 999ஐ அழைக்க வேண்டும்.

நிவாரண மையத்தில் பெயர் பதியும்போதே நோயையும் சொல்லிவிட வேண்டும். பிறருக்குத் தொல்லை தரக் கூடாதென்று முதியவர்கள் பலர் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள்தாம் அவர்களுக்காகப் பேச வேண்டும். மையத்தில் சோறு, மீ, டின் சார்டின், இனிப்புத் தேநீர் என்று கிடைத்ததை உண்ண நேரும். உணவு வரும் நேரமும் மாறும். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை, தட்டு கைக்கு வந்த பிறகே போட வேண்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால், நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இனிப்புநீர் உள்ளவர் வெறுங்காலோடு வெள்ளநீரில் இறங்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் பட்டாலும் தெரியாது. அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையலாம். இரவுதோறும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

நீர் வடிந்து வீடு திரும்பியதும் நனைந்த மாத்திரைகளை ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த தவணைக்காகக் காத்திராமல் கிளினிக் சென்று, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, எந்தெந்த நாள்களில் மருந்து விட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக விழுங்குவது ஆபத்து.