மூத்ததும் கைப்பிள்ளைதான்

"சவலைப் பிள்ளை" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் தாய்ப்பாலை இடையிலேயே இழந்து, மெலிந்து, நை நை என்று அழுதுகொண்டு திரியும் பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். இது நம் ஊரில் மட்டும் உள்ள பேச்சல்ல. 1930களில், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை செய்தார். கால் வீங்கி, முடி செம்பட்டையாகி வந்த பிள்ளைகளை அங்கே அவர் கண்டார். அந்த நோய்க்கு ஊர்த் தாய்மார் வழங்கிய பெயரையே அவரும் எழுதினார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறக்கும்போது மூத்ததைப் பிடிக்கும் நோய் என்பது அதன் கருத்து. கடல் கடந்த தாய்மாரும் நம் தாய்மாரும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோரே, ஒரு வருடம், ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறோம். சின்னதுக்குச் சட்டை, சின்னதுக்குச் சவர்க்காரம். மூத்தது கதவோரம் நின்று விரல் சப்பிக்கொண்டிருக்கும். "நீ பெரிய புள்ளதானே, அழக்கூடாது" என்பார்கள். அதற்கு வயது பதினாறு மாதம்! தம்பி பிறந்த அன்றைக்கே அது வளர்ந்துவிடவில்லை.

முதலில் பால் விஷயம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் கொடுத்தால் அது நஞ்சு என்று சொல்லி, மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிக்கிறார்கள். அல்லது மூத்ததை வேறு தோட்டத்தில் இருக்கும் அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாதாரணமாகப் போகிற கர்ப்பத்தில் பால் கொடுப்பதால் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதி இல்லை, குடிக்கிற பிள்ளைக்கும் கெடுதி இல்லை. இரத்தம் பட்டாலோ, அடிவயிறு வலித்தாலோ, முன்பு மாதம் குறைந்து பிள்ளை பிறந்திருந்தாலோ மட்டும் மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கர்ப்பம் வளர வளரப் பால் குறையும், ருசியும் மாறும். சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். விடாவிட்டால் பிறந்த பின்னும் இரண்டுக்கும் கொடுக்கலாம். ஆனால் சீம்பால் வருகிற நாட்களில் சின்னது குடித்த பிறகுதான் மூத்ததுக்கு. சின்னதுக்கு ஆறு மாதம் முடியும் வரை வேறு சாப்பாடே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

பால் குறைந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம்? இங்கேதான் நம் லயங்களில் பிழை நடக்கிறது. மூத்தது அழுதால் ஒரு கோப்பை பிளேன்டீ, அதில் நனைத்த ரொட்டித் துண்டு. வயிறு நிறைந்தது போல இருக்கும், பிள்ளையும் அமர்ந்துவிடும். ஆனால் தேயிலையில் உள்ள சாயம், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்துதான், அதற்காகப் பால்குடிப் பிள்ளைக்கு அது ஆகாரமாகாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மூன்று நேரச் சாப்பாடும், இடையில் இரண்டு தடவை சிறு தீனியும் வேண்டும். குழைத்த சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, கிடைக்கிற நாளில் முட்டை, இல்லாவிட்டால் வறுத்து இடித்த நெத்தலித் தூள், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். இதைத் தனிக் கோப்பையில் போடுங்கள். அம்மாவின் தட்டில் வாய் வைக்கிற பிள்ளை எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது.

திரிபோஷ பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தது நிறை குறைந்தது என்று அதன் பெயருக்குத் தந்த பாக்கெட்டை, ஒரு சட்டி கஞ்சியாக்கி வீட்டில் ஆறு பேரும் குடித்தால் யாருக்குமே பிரயோசனம் இல்லை.

கிளினிக் கார்டு இப்போது இரண்டு. மூத்தது பதினெட்டு மாத ஊசிக்கும் சின்னது இரண்டு மாத ஊசிக்கும் ஒரே கிழமையில் வரக்கூடும். தாய்மார் சின்னதை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "ரெண்டையும் எப்படிங்க தூக்கிட்டு மேடு ஏறுறது?" என்று கேட்பது நியாயம்தான். அதனால்தான் அன்றைக்கு வீட்டிலிருந்து இன்னொருவர் வர வேண்டும் என்கிறோம். இரண்டு வயது வரை மாதம் ஒரு தடவை நிறுக்க வேண்டும். தம்பி பிறந்த பிறகு மூத்ததன் கார்டில் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டதா என்று பாருங்கள். கால் வீங்குவதும் முடி நிறம் மாறுவதும் பிந்தி வரும் அடையாளம். கோடு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

இனி மனசு. நடக்கத் தொடங்கிய பிள்ளை மறுபடி தூக்கச் சொல்லும். படுக்கையை நனைக்கும். தொட்டிலில் கிடப்பதைக் கிள்ளும். இதற்கு அடி போட்டால் கிள்ளல் கூடுமே தவிரக் குறையாது. அதைவிட மோசம் லயத்துப் பகிடி: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், இவன்தான் எங்க புள்ள." சொல்பவர்களுக்குச் சிரிப்பு. கேட்கிற பிள்ளைக்கு அது உண்மை. சின்னதுக்குப் பால் கொடுக்கும்போது மூத்ததைப் பக்கத்தில் அணைத்து உட்கார்த்தி ஏதாவது கதை சொல்லுங்கள், கையில் ஒரு கரண்டியும் மூடியும் கொடுத்தாலும் போதும். ஆனால் அடுப்பு எரிகிற காம்பிராவில் இரண்டையும் தனியே விட்டுவிட்டுத் தண்ணிக்குப் போகாதீர்கள். மூத்தது அன்பாகத்தான் சின்னதைத் தூக்கப் பார்க்கும், விழுத்திவிடும்.

தகப்பன்மாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. கவ்வாத்து, புல்வெட்டு என்று போகிற ஆண்கள் பலர் பகல் ஒன்று, இரண்டு மணிக்கே வேலை முடித்துவிடுகிறார்கள். கொழுந்துக்குப் போன பெண் வீடு வர ஐந்து மணியாகிறது. அந்த மூன்று மணி நேரம் மூத்த பிள்ளைக்கு உரியது. பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டி வந்து, குளிப்பாட்டி, சோறூட்டலாம். தவறணைப் பக்கம் போகிற கால் அன்றைக்கு வீட்டுப் பக்கம் திரும்பட்டும். அப்பாவின் கையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, அம்மா சின்னதைத் தூக்கும்போது அவ்வளவாக அழாது.

தாய்மாரும் தங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாட்கள்தான் பிரசவ லீவு. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள். வேலைக்குத் திரும்பிய பின், சின்னதுக்கு ஒரு வயது ஆகும்வரை, வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகலாம். பிள்ளை மடுவம் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குக் குறையாத நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணிக்குக் குறையாத நேரம். கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்கிற சலுகை அல்ல இது.

அடுத்த பிள்ளை பற்றி: பிறந்து இரண்டு வருடமாவது கழித்து மறுபடி கர்ப்பமாவதுதான் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு ஆபரேஷன்தான் வழி என்று பயப்படத் தேவையில்லை. ஊசி, லூப், கையில் வைக்கிற குச்சி என்று நிறுத்தி மறுபடி தொடங்கக்கூடிய முறைகள் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேட்டு, இருவரும் பேசி முடிவெடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியானால் முதலாம் வகுப்பு. மூத்தது பெப்ரவரியிலும் சின்னது அடுத்த ஜனவரியிலும் பிறந்திருந்தால், பதினொரு மாத வித்தியாசத்தில் இரண்டும் ஒரே வகுப்பில் போய் உட்காரும். அப்படி வந்தால் டீச்சரிடம் முதலிலேயே சொல்லி, வேறு வேறு வாங்கில் இருத்தச் சொல்லுங்கள். மார்க்ஸ் கார்டு வரும் நாளில் ஒன்றின் எதிரில் மற்றதன் கார்டை விரிக்காதீர்கள்.