மிகையும் ஆடியும்: வன்தட்டுச் சேமிப்புத் தொகுதிகளின் கலைச்சொற்கள்

ஒரு துறையைக் கற்கப் புகுவோர் முதலில் அதன் கலைச்சொற்களோடு மல்லாட நேர்வது இயல்பு. வங்கிகளினதும் மருத்துவமனைகளினதும் தரவுகளைத் தாங்கிநிற்கும் பெரிய வன்தட்டுச் சேமிப்புத் தொகுதிகளின் துறையிலோ இடர் வேறு வகையினது. அங்கு வழங்குஞ் சொற்கள் பல நாம் முன்பே அறிந்தவை போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பித் தரவை இழந்தோர் பலர். ஆதலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட றாமக் 305 என்னுங் கணனியே தட்டுச் சேமிப்பின் தொடக்கம். அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் சுழன்றன. அவையனைத்துங் கொண்டவை 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று கையிலடங்கும் ஒரு வன்தட்டே 10 டெராபைற்றுக்களைக் கொள்ளும். எனினும் பெருநிறுவனக் கணனிகள் தனித் தட்டை நேரே காண்பதில்லை. பல தட்டுக்களை ஒன்றாக்கி, அதிலிருந்து பகுத்தளித்த ஒரு பங்கையே தம் தட்டெனக் கொள்கின்றன. அப்பங்கைக் குறிக்கும் எண்ணின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் சேர்ந்து 'லன்' என வழங்கும். பொறியாளரோ எண்ணை விட்டு, அவ்வெண் சுட்டும் பங்கையே லன் என்பர். நம் இலக்கண ஆசிரியர் இதனை ஆகுபெயர் என அமைதி கூறுவர். 'வொலியூம்' என்னுஞ் சொல்லைப் பௌதிகவியல் பயின்ற பழக்கத்தாற் கனவளவு என மொழிபெயர்த்தலும் பிழை. நூலின் தொகுதி என்பது போன்ற பொருளே அங்குப் பொருந்தும்.

இனி 'றெயிட்' என்பதற்கு வருவோம். 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையாற் பரவிய பெயர் இது. விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்கு மாறாக மலிவான பல தட்டுக்களை மிகையோடு சேர்த்தல் என்பதே அதன் கருத்து. 'மலிவான' என்பதனைப் பிற்காலத்தார் 'தனித்தியங்கும்' என மாற்றிக்கொண்டனர். விற்போருக்கு அது வாய்ப்பாயிற்றுப் போலும்! மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் நூற்குற்றங்கள் என்கின்றது நன்னூல். இங்கோ அவையே குணங்கள். தட்டுக்கள் பெருகப் பெருக அவற்றுள் ஒன்று பழுதுறும் வாய்ப்பும் பெருகும். அதனைத் தாங்குவது மிகையே. ஆயினும் றெயிட் 0 எனப்படும் முறையில் மிகை சிறிதுமில்லை. பெயரை நம்பி அதனைத் தேர்வோர் ஒரு தட்டுப் பழுதுற்றாலே அனைத்தையும் இழப்பர்.

றெயிட் 1 ஆடி முறை: ஒரு தட்டில் எழுதியது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். றெயிட் 5 'பரிற்றி' என்னும் உபாயத்தைக் கையாளும். மூன்று தட்டுக்களில் முறையே 1, 0, 0 என்பன உள எனக் கொள்வோம். ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாகுமாறு நான்காவதில் 1 எழுதப்படும். இரண்டாந் தட்டு அழிந்ததாயின், எஞ்சிய 1, 0, 1 என்பவற்றில் ஒன்றுகள் இரட்டைப்படையாகவே உள்ளமையின், இழந்தது 0 எனத் துணியலாம். இருதட்டுக்கள் ஒருங்கே அழியின் இக்கணக்குப் பயன்படாது; அதற்கென எழுந்ததே றெயிட் 6. 10 டெராபைற்றுத் தட்டுக்கள் எட்டு இருப்பின், பயன்படும் இடம் ஆடி முறையில் 40, றெயிட் 5இல் 70, றெயிட் 6இல் 60 டெராபைற்று ஆகும்.

70 என்பது கண்டு மயங்குதல் வேண்டா. பழுதுற்ற தட்டுக்குப் பதிலாகப் புதியதை இட்டு நிரப்புதலை 'மீள்கட்டல்' என்பர். செக்கனுக்கு 200 மெகாபைற்று வீதம் இடையறாது எழுதினும் 10 டெராபைற்றை நிரப்ப ஏறக்குறைய 14 மணித்தியாலம் ஆகும். அன்றாட வேலையும் உடன் நடப்பின் இன்னும் நீளும். அவ்வளவு நேரமும் எஞ்சிய தட்டுக்கள் ஏழும் முழுமூச்சாய் உழைக்க, மிகை என ஒன்றுமில்லாதிருக்கும். இரண்டாந் தட்டொன்று விழுதற்கு அஞ்சவேண்டிய பொழுது அதுவே. பெருந்தட்டுக்களுக்கு றெயிட் 6ஐ நாம் விரும்புதற்குக் காரணம் இது.

பதுக்கு நினைவகம் பற்றியும் ஒரு சொல். 'எழுதியாயிற்று' எனத் தொகுதி விடையிறுக்கும் வேளையில், தரவு தட்டைச் சேராது இந்நினைவகத்திலேயே தங்கியிருத்தல் கூடும். மின்தடை நேரின் அதனைக் காப்பது உள்ளிருக்கும் மின்கலமே. மின்கலம் நலிந்ததென எச்சரிக்கை வரின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

யாவற்றினும் மிகுந்த கேடு விளைப்பது ஆடியைக் காப்புப் பிரதியெனக் கொள்ளும் மயக்கமாம். ஆடி தன்முன் நிற்பதையே காட்டும். ஊழியர் ஒருவர் கணக்கேடொன்றைத் தவறுதலாக அழிப்பின், ஆடித்தட்டிலும் அது அக்கணமே அழியும். முன்னைய ஒரு பொழுதின் நிலையைக் காட்டும் 'ஸ்னாப்ஷொட்' இத்தகைய பிழையைத் திருத்த உதவும். ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே பெட்டியுள் இருப்பதே. காப்புப் பிரதியென்பது வேறு கருவியில், வேறிடத்தில், வேறு காலத்தின் நிலையைத் தாங்கி நிற்பது. 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐந்துமாடித் தரவு நிலையமொன்று எரிந்தழிந்தது. அங்குத் தரவை வைத்திருந்தோரிற் சிலர் காப்புப் பிரதியும் எடுத்தேயிருந்தனர். அப்பிரதியும் அதே வளாகத்தில் இருந்தது.