சிறு குன்றின் பெருங்கதை

'பனி' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது மார்கழி விடியலில் புல்நுனியில் மின்னும் நீர்த்துளிதான். குளிர்நாடுகளிலோ மழை பெய்வதுபோல வெண்பனி பெய்கிறது. கூரையும் வயலும் மாதக்கணக்கில் வெண்மையாகக் கிடக்கின்றன. அப்பனியின்மீது, நீண்ட பலகைகளைக் காலணியோடு பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு விளையாட்டு. விளையாடுவோரைப் படங்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் அம்மலையை யார் நடத்துகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய கம்பெனிகளும் நடத்துகின்றன. சாதாரணக் குடும்பங்களும் நடத்துகின்றன. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே காண்போம்.

கயிறு இழுக்கும் மலை

சறுக்கி இறங்குவது எளிது. மறுபடியும் மேலே ஏறுவதுதான் கடினம். அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் என்னும் சிறிய மாநிலம் உள்ளது. அங்கே உட்ஸ்டாக் என்னும் ஊரில், 1934-ஆம் ஆண்டு ஒரு பண்ணை நிலத்தில், பழைய ஃபோர்டு காரின் எஞ்சினைக் கொண்டு ஒரு நீண்ட கயிற்றைச் சுழல வைத்தார்கள். கிணற்று உருளையில் கயிறு ஓடுவதுபோல, மேலும் கீழுமுள்ள உருளைகளில் அக்கயிறு ஓயாமல் சுற்றியது. கையுறை அணிந்த கையால் அதைப் பற்றிக்கொண்டால் போதும், மேட்டுக்கு இழுத்துச் சென்றுவிடும். அந்நாட்டின் முதல் இழுகயிறு அதுவே. அதன் பின்னர், குன்று உள்ள விவசாயி எவரும் ஒரு மோட்டாரும் கயிறும் இருந்தால் சறுக்குமலை நடத்தலாம் என்றாயிற்று.

அதே மாநிலத்தில் ரிச்மண்ட் என்னும் ஊரில் மிக்கி காக்ரன் என்ற பொறியாளரும் அவர் மனைவி ஜின்னியும் வாழ்ந்தனர். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள். பள்ளி விட்டு வந்த பின்னும் பிள்ளைகள் பயிற்சி செய்ய வேண்டும் என்று விரும்பிய அவர்கள், 1961-இல் தம் வீட்டின் பின்புறமிருந்த குன்றில் ஓர் இழுகயிற்றை அமைத்தனர். மூத்த மகள் மாரிலினுக்கு அப்போது வயது 11. விரைவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினர். தந்தை இயந்திரத்தையும் பயிற்சியையும் கவனித்தார். தாய் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். வீட்டுக் குன்று ஊர்க்குன்றாக மாறியது.

சிறுமையே சிறப்பு

இவ்வளவு சிறிய குன்றில் என்ன கற்க முடியும் என்று நமக்குத் தோன்றலாம். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய மலையில் ஒருமுறை ஏறி இறங்க அரைமணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். சிறு குன்றில் ஐந்து நிமிடமே போதுமானால், அதே அரைமணியில் ஆறு முறை இறங்கலாம். ஒரே திருப்பத்தை ஆறு முறை திருத்திக்கொள்ளலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ!

அதன் பயன் உலகமே காணும்படி விளைந்தது. நால்வரும் அமெரிக்க அணியில் இடம்பெற்றனர். 1969-இல் மாரிலின் உலகக் கோப்பைப் போட்டிகளில் ஜயன்ட் ஸ்லாலம் பிரிவின் பட்டத்தை வென்றார். 1972-இல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியில், 21 வயதான பார்பரா ஆன் தங்கப்பதக்கம் பெற்றார். பிரான்ஸ் நாட்டு வீராங்கனையை அவர் முந்தியது 0.02 நொடியில்! கண் இமைக்கும் நேரத்தைவிட இது குறைவு. அந்த நூலிழை வித்தியாசத்தைத் தந்தது, வீட்டுப் பின்புறத்தில் ஆயிரமாயிரம் முறை ஏறி இறங்கிய பயிற்சியே என்று நாங்கள் கருதுகிறோம்.

வானத்தை நம்பிய தொழில்

புகழ் வந்தாலும் பணம் வந்துவிடுவதில்லை. சறுக்குமலையும் உழவைப் போல வானத்தை நம்பிய தொழிலே. ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே வருமானம். கயிறு, மோட்டார், மின்சாரம், இன்ஷூரன்ஸ், பனியைச் சமப்படுத்தும் வண்டி ஆகிய செலவுகளுக்கு அந்தச் சில மாதங்களிலேயே சம்பாதித்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெண்பனிக்குப் பதில் மழை பெய்தால், அந்த ஆண்டின் வரவில் பெரும் பகுதி போய்விடும்.

இதற்கு மாற்றாகச் செயற்கைப் பனி வந்தது. அழுத்தப்பட்ட காற்றோடு தண்ணீரைக் குளிர்ந்த வெளியில் பீய்ச்சினால், அது நுண்துளிகளாகச் சிதறி, தரையைத் தொடுமுன் உறைந்துவிடும். ஒரு கிராம் நீர் உறைய 80 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும் என்று நாம் பெளதிகத்தில் படிக்கிறோம். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளச் சுற்றியுள்ள காற்று நன்றாகக் குளிர்ந்து, ஈரம் குறைந்து இருக்க வேண்டும். ஆகவே இரவெல்லாம் விழித்துக் குழாய்களைக் காப்பவர் தேவை. குழாய்க்கும் பம்புக்கும் ஆகும் செலவைப் பெரிய மலைகள் தாங்கின. சிறியவை பல தாங்கவில்லை. 1982-83-இல் அமெரிக்காவில் 735 சறுக்குமலைகள் இருந்தன. பின்னர் அவை 500-க்கும் கீழே குறைந்துவிட்டன. மூடப்பட்டவற்றுள் குடும்பக் குன்றுகள் ஏராளம்.

ஒரு குன்று மூடப்பட்டால் இழப்பு அக்குடும்பத்துக்கு மட்டுமன்று. பெரிய மலையின் கட்டணத்தைச் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகள், பனி பெய்யும் நாட்டில் பிறந்தும், சறுக்கத் தெரியாமலே வளர்வார்கள்.

காக்கும் வழி

காக்ரன் குடும்பத்தார் இதை நன்கு உணர்ந்திருந்தனர். மிக்கி காக்ரன் மறைந்த 1998-ஆம் ஆண்டிலேயே அக்குன்று லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்றப்பட்டது. பணமில்லை என்பதால் எந்தப் பிள்ளையும் திரும்பிப் போகக் கூடாது என்பதே அதன் கொள்கை. ஊரார் நன்கொடை தருகின்றனர். பலர் சம்பளமின்றி உழைக்கின்றனர். தங்கம் வென்ற பார்பரா ஆனும் ஊர் திரும்பி அதே குன்றில் சிறு குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பேரப்பிள்ளைகள் சிலர், நாம் பதநீரைக் காய்ச்சுவதுபோல, பனி உருகும் பருவத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுத்து விற்கும் தொழிலையும் தொடங்கினர்.

2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பார்பரா ஆனின் மகன் ரையன் காக்ரன்-சீகிள் வெள்ளிப்பதக்கம் வென்றார். தங்கம் அவர் கைநழுவியது 0.04 நொடியில். தாய் வென்று சரியாக 50 ஆண்டுகளுக்குப் பின் மகன் வென்றதும், அதே குன்றில் பெற்ற அடிப்படையைக் கொண்டுதான்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பர் நம் பெரியோர். ஆயினும் பதக்கங்களைவிட எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தம் பிள்ளைகளுக்கென்று கட்டிய கயிற்றை அப்பெற்றோர் ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். தமக்கென்றே வைத்திருந்தால், நால்வரும் வளர்ந்து வெளியேறியதும் அந்தக் கயிறு அறுந்து போயிருக்கும். பகிர்ந்துகொண்டதால் அது இன்றும் சுழல்கிறது.