பயிர்நோய் அறிவோர் கழகம்

(உரைநடைப் பாடம்)



மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியின் உள்ளே வெண்பஞ்சு போன்ற ஒன்று படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'பூசணம் பூத்துவிட்டது' என்று வீட்டில் உள்ள பெரியோர் கூறுவர். மழை பெய்த மறுநாள் குப்பைமேட்டில் குடை விரிக்கும் காளானும் அப்பூசணத்தின் உறவே. இவை யாவற்றையும் அறிவியலார் பூஞ்சை என்னும் ஒரே பெயரால் வழங்குவர். பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. ஆதலின் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. மட்கிய பொருளிலோ, உயிருள்ள பயிரிலோ ஒட்டி வாழும். ஸ்போர் எனப்படும் நுண்வித்துகளைக் காற்றில் தூவிப் பெருகும்.

பூஞ்சை பயிரில் ஒட்டும்போதுதான் உழவரின் துயர் தொடங்குகிறது. நெல்லைக் குலைநோய் தாக்குகிறது; சோளக் கதிர் கரிப்பூட்டையால் கருந்தூளாகிறது; பருத்திச் செடி வாடல் நோயால் நின்றபடியே சாய்கிறது; கோதுமைத் தாளில் இரும்புத்துரு போன்ற பொடி படிகிறது. பூட்டை, வாடல், துரு ஆகிய இச்சொற்களைச் சற்று உற்று நோக்குங்கள். கண்ணால் கண்டதை அப்படியே பெயராக்கியுள்ளனர். கலைச்சொல் ஆக்குவோர்க்கு இவை நல்ல முன்மாதிரி என்பது என் கருத்து.

இந்நோய்களை ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் ஓர் அமைப்பு உள்ளது. அதன் பெயர் இந்தியத் தாவர நோயியல் கழகம். கழகம் என்னும் சொல்லைக் கட்சிப் பெயர்களில் கேட்டிருப்பீர்கள். கற்றோர் கூடும் அவை என்பதும் அதன் பழம்பொருள்களுள் ஒன்று. இங்கு அப்பொருளிலேயே அச்சொல் ஆளப்படுகிறது.

கழகம் தோன்றுவதற்கு முன் நிகழ்ந்தவற்றை முதலில் அறிதல் வேண்டும். அயர்லாந்தில் பிறந்து மருத்துவம் பயின்ற எட்வின் ஜான் பட்லர் என்பவர் 1901ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். மனிதர்க்கு மருத்துவம் பார்க்கக் கற்றவர், இங்குப் பயிர்க்கு மருத்துவம் பார்க்கலானார். 1905ஆம் ஆண்டு பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கு நோயுற்ற இலைகளையும் தண்டுகளையும் உலர்த்தி, பெயரும் இடமும் நாளும் எழுதி, உறைகளில் இட்டுக் காக்கும் பணியைப் பட்லர் தொடங்கினார். இந்தியப் பயிர்நோய்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1918இல் வெளிவந்தது. 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் பூசாவின் கட்டடங்கள் சிதைந்தமையால் அந்நிலையம் 1936இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை. தில்லியில் வாழும் மாணவர்கள் 'பூசா' என்று நாள்தோறும் கூறும் இடத்தின் பெயர், பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்து வந்ததேயாகும். உலர்த்திய இலைகளின் தொகுப்பும் உடன் வந்தது. இன்று அதில் 50,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன.

1942ஆம் ஆண்டு வங்காளத்தில் நெற்பயிரைப் பழுப்புப்புள்ளி நோய் தாக்கியது. இலைகளில் எள் அளவான புள்ளிகள் தோன்றி, பயிர் காய்ந்து, மணிகள் பதராயின. அடுத்த ஆண்டு பெரும்பஞ்சம் வந்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் 20 முதல் 30 இலட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 1943இல் அங்குப் பூஞ்சையியல் அலுவலராகப் பணியேற்ற எஸ். ஒய். பத்மநாபன் என்னும் அறிஞர், பின்னாளில், 1973ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் அந்நோயே பஞ்சத்தின் முதற்காரணம் என்று வாதிட்டார். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதனை வேறு கோணத்தில் நோக்கினார். போர்க்கால விலையேற்றமும், கூலி மக்கள் அரிசியை வாங்கும் திறனை இழந்தமையுமே பெருங்காரணம் என்பது அவர் முடிபு. இவ்வழக்கு இன்றும் முற்றாக முடியவில்லை. போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த நாட்டில், வயலில் தோன்றிய ஒரு புள்ளியும் அற்பமானதன்று என்பதை மட்டும் இரு தரப்பாரும் மறுக்க இயலாது.

பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1946–47ஆம் பருவத்தில், நடு இந்தியாவின் கோதுமையைக் கருந்துரு கடுமையாகத் தாக்கியது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, பி. பி. முண்ட்கூர் என்னும் அறிஞரின் முயற்சியால் இந்தியத் தாவர நோயியல் கழகம் தில்லியில் தோன்றியது. மறு ஆண்டு முதல் அதன் ஆய்விதழ் வெளிவரலாயிற்று.

இத்தகைய கழகம் என்ன செய்யும்? ஆண்டுதோறும் அறிஞர் கூடித் தாம் கண்டவற்றைப் படிப்பர், பிறர் வினவுவர், மறுப்பர். மண்டலக் கூட்டங்களும் நடைபெறும். இளம் ஆய்வாளர்க்குப் பரிசுகள் உண்டு. இவை எல்லாக் கழகங்களிலும் நிகழ்வனவே. ஆய்விதழின் பணியைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். அசாமில் ஒருவர் கண்ட இலைப்புள்ளியும் கோயம்புத்தூரில் ஒருவர் கண்ட இலைப்புள்ளியும் ஒரே பூஞ்சையால் விளைந்தனவா? இருவரும் படம் வரைந்து, அளவு குறித்து, அச்சில் ஏற்றினால்தான் மூன்றாமவர் ஒருவர் அவற்றை ஒப்பிட்டு விடை கூற முடியும். புதிய பூஞ்சைக்குப் பெயரிடுவோர், அதன் மாதிரியை ஒரு காப்பகத்தில் வைத்தாக வேண்டும் என்பது உலக விதி. நூறு ஆண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் உறையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கோதுமைத் துருவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. வடஇந்தியச் சமவெளியில் கோதுமை பனிக்காலப் பயிர். அறுவடைக்குப் பின் வரும் மே, சூன் மாத வெயிலில் துருவின் வித்துகள் மடிந்துவிடும். எனினும் அடுத்த பருவத்தில் துரு மீண்டும் தோன்றுகிறது. எங்கிருந்து வருகிறது? மேலை நாடுகளில் பார்பெரி என்னும் முட்புதரில் கருந்துரு தங்கியிருந்து மீளும். இமயமலையிலும் பார்பெரி வளர்கிறது. ஆகவே இங்கும் அதுவே காரணம் என்று எண்ண இடமிருந்தது. ஆக்ராவில் பேராசிரியராக விளங்கிய கரம் சந்த் மேத்தா அதனைச் சோதிக்காமல் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் மலைகளிலும் சமவெளியிலும் ஆராய்ந்து, இந்நாட்டில் பார்பெரிக்கு இதில் பங்கு இல்லை என்று கண்டார். மலைகளின் குளிர்ச்சியில், தானே முளைத்த கோதுமையிலும் பருவம் தப்பி விதைத்த கோதுமையிலும் துரு உயிரோடு இருக்கிறது. பின் காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது என்பதே அவர் கண்ட முடிபு.

அம்மலைகள் எவை? வடக்கே இமயம்; தெற்கே நம் நீலகிரியும் பழனி மலையும். மஞ்சள் துரு பெரும்பாலும் இமயத்திலிருந்து இறங்குவது. கருந்துருவோ தெற்கிலிருந்து புறப்படுவது. நீலகிரியில் ஏதேனும் ஒரு சரிவில் ஆண்டு முழுதும் கோதுமை நிற்பதால் துருவிற்கு என்றும் உறைவிடம் உண்டு. அது நடு இந்தியாவிற்கு எப்படிச் செல்கிறது என்பதை 1970களில் எஸ். நாகராஜன், எல். எம். ஜோஷி முதலிய அறிஞர்கள் வானிலைப் படங்களைக் கொண்டு தெளிவுறுத்தினர். வங்கக் கடலில் உருவாகும் புயல் தென்னிந்தியாவைக் கடந்து நடு இந்தியாவில் ஓயும்போது, நீலகிரி வித்துகளை அதன் சுழற்காற்று வாரிச் செல்கிறது; மழைத்துளியோடு அங்குள்ள வயல்களில் அவை இறங்குகின்றன. ஒரு வித்தின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அது செல்லும் தொலைவோ 1,000 கிலோமீட்டருக்கும் மேல். மழைநீரை ஏந்தி நுண்ணோக்கியில் பார்த்து வித்துகளைக் கண்டறிந்தனர்.

போபாலிலோ நாக்பூரிலோ இப்பாடத்தைப் படிப்போர், தம் ஊருக்குத் தமிழகத்திலிருந்து தம் பெற்றோர்க்கு முன்னரே வந்த ஒரு பயணி உண்டு என்று அறிந்து வியக்கலாம். விரும்பத்தக்க பயணியன்று என்பது வேறு! வழி தெரிந்தபின் தடுப்பும் தெரிந்தது. வழியிலுள்ள நிலங்களில் துருவை எதிர்க்கும் கோதுமை வகைகளை விதைத்தால், தொடர் அறுந்துவிடும். குன்னூருக்கு அருகில் உள்ள வெலிங்டனில் தில்லி நிலையத்தின் கிளை ஒன்று உள்ளது. நாட்டின் கோதுமை வகைகளைத் துருவின் பிறப்பிடத்திலேயே அங்கு வளர்த்துச் சோதிக்கின்றனர். துருவும் வாளா இருப்பதில்லை. புதிய இனங்களாக மாறிக்கொண்டே வருகிறது. ஆதலின் இச்சோதனை ஆண்டுதோறும் தொடர்கிறது.

சென்னைக்கும் இத்துறையில் தனியிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் பருத்தி வாடல் நோயை ஆராய்ந்து, மண்ணில் வாழும் பூஞ்சை வேரின்வழி நுழைந்து நச்சுப்பொருளால் செடியை வாடச் செய்வதை விளக்கினார். அவர் மாணவர் சி. வி. சுப்பிரமணியன் பூஞ்சைகளை வகைப்படுத்துவதில் உலகப் புகழ் பெற்றார். அவர் முயற்சியால் 1973ஆம் ஆண்டு சென்னையில் இந்தியப் பூஞ்சையியல் கழகம் தோன்றியது. அதன் ஆய்விதழுக்குக் 'கவகா' என்று பெயர். காளானைக் குறிக்கும் வடசொல் அது. நோய் தரும் பூஞ்சையை மட்டுமன்றி, உதிர்ந்த இலையை மட்கச் செய்து மண்ணை வளமாக்கும் பூஞ்சை, உண்ணத்தக்க காளான் என அனைத்தையும் அக்கழகம் ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

பச்சையம் – இலைக்குப் பசுமை தரும் பொருள்
பதர் – உள்ளீடற்ற நெல்
முடிபு – ஆராய்ந்து கண்ட தீர்வு
உறைவிடம் – தங்கும் இடம்
வாளா – சும்மா

விடை தருக

1. பூஞ்சை தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது ஏன்?
2. வங்காளப் பஞ்சம் குறித்துப் பத்மநாபனும் அமர்த்தியா சென்னும் கொண்ட கருத்துகள் எவ்வாறு வேறுபடுகின்றன? உமக்கு எது ஏற்புடையது? காரணம் கூறுக.
3. பார்பெரிப் புதரைப் பற்றிய எண்ணத்தை மேத்தா சோதித்தறிந்த பாங்கை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. 'காற்றேறி', 'பருவம் தப்பி', 'தொடர் அறுந்து' ஆகியவற்றைச் சொந்தத் தொடரில் அமைக்க.

செய்து பார்க்க

பள்ளித் தோட்டத்தில் புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்துச் செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குக. தாளை நாள்தோறும் மாற்றுக. ஒரு வாரம் சென்றபின் உறையில் இட்டு, செடியின் தமிழ்ப்பெயர், உம் ஊர் மக்கள் வழங்கும் பெயர், இடம், நாள் ஆகியவற்றை மேலே எழுதுக. தமிழ்ப்பெயர் தெரியாவிடில் ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுக.