பிராந்தியப் பத்திரிகையும் நமது விளம்பரப் பணமும்

பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்க நினைக்கும் பதுளை வர்த்தகர் முதலில் கேட்பது, "எத்தனை பிரதி போகிறது?" என்பதுதான். எங்கே போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நஷ்டம் அங்கேதான். யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' பத்திரிகையின் கதை இதை நன்கு விளக்கும்.

1930இல் ஆரம்பமான வீரகேசரியும் 1932இல் வந்த தினகரனும் கொழும்பில் அச்சாகி வெளியூர்களுக்குச் சென்றன. யாழ்ப்பாணமோ ரயில் பாதையில் சுமார் 400 கி.மீ. தூரம். அவ்வூர்க் கடைக்காரரின் மலிவு விற்பனைக்கும், உள்ளூர் மரண அறிவித்தலுக்கும் அவ்வளவு தூரத்துப் பத்திரிகை பொருந்தவில்லை. இந்த இடைவெளியில்தான் கே.சி. தங்கராஜா, கே.சி. சண்முகரத்தினம் சகோதரர்கள் 1959இல் ஈழநாட்டைத் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பிலேயே தினசரியாக அல்ல, 1961இல்தான் நாளிதழாக்கினார்கள். சிறிதாகப் போட்டுப் பார்த்துப் பிறகு கடையைப் பெருப்பிக்கும் பழைய வியாபாரப் புத்திதான்! இலங்கையின் முதலாவது பிராந்தியத் தமிழ் நாளிதழ் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

ஒரே ஊரில் முதல் முழுவதையும் போட்டால் ஆபத்தும் அவ்வூரிலேயே இருக்கும். 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ். நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில், ஈழநாடு அச்சகமும் எரிக்கப்பட்டது. மீண்டும் எழுந்து வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 1985இல் தொடங்கிய 'உதயன்' அவ்விடத்தைப் பிடித்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அதற்கும் கடதாசித் தட்டுப்பாடு வந்து பக்கங்கள் குறைந்தன. வாசகர் வாசலில் காத்திருக்க, சரக்கு இல்லாத கடையின் நிலை!

ஜெர்மனியில் போஹும் நகரில் 1948இல் ஆரம்பித்த 'டபிள்யூ.ஏ.இசட்.' பத்திரிகை வேறு வழி கண்டது. பொதுச் செய்திப் பக்கங்கள் எல்லோருக்கும் ஒன்று. உள்ளூர்ப் பக்கங்கள் நகரத்துக்கு நகரம் வேறு. எனவே சிறு கடைக்காரர் தமது நகரத்துப் பக்கத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

ஊவாவுக்கு இது ஏன் வாய்க்கவில்லை? யாழ்ப்பாணத்தில் வாசகர் நெருக்கமாக வாழ்ந்தனர். நமது தோட்டங்களோ மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. ஒரு லயத்துக்குப் பத்திரிகை கொண்டுபோகும் செலவு அதன் விலையையே தின்றுவிடும். ஆனால் தேநீர்க் கடையிலும் சலூனிலும் கிடக்கும் ஒரு பிரதியைப் பலர் வாசிக்கிறார்கள். விற்பனைக் கணக்கில் இது வராது.

ஆகவே அடுத்த முறை விளம்பர முகவர் வந்தால், பசறைக்கு எத்தனை, ஹாலி எலவுக்கு எத்தனை, லுணுகலைக்குக் காலை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தோட்டத்துச் சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக விளம்பரம் வருமா என்பதையும் கேளுங்கள்.